முக்கால் நொடி

செண்பகராஜின் இடது கண்ணில் அடி விழுந்தபோது சங்கரவடிவு அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி, பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் மூன்று திரைகள். ஒன்றில் சாத்தான்குளத்து வாலிபால், இன்னொன்றில் தென்காசிப் பெண்களின் கபடி, நடுத்திரையில் கோவில்பட்டி ஹாக்கி லீக். மூன்றையும் அவள் ஒருத்தியே நேரலையில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் ஒரு மேட்சை நேரலையில் காட்ட வேண்டுமென்றால் ஒரு வேன், எட்டு ஆள், ஜெனரேட்டர், கேபிள் சுருள் என்று கல்யாண வீட்டுக்குப் போகிற சாமான் போக வேண்டும். ஊர்க் கிளப்புகளுக்கு அது கட்டுப்படியாகாது. ‘திடல் நேரலை’ கம்பெனி அத்தனையையும் இரண்டு கம்பமாகச் சுருக்கிவிட்டது. மைதானத்தின் இரண்டு ஓரத்திலும் ஒரு கம்பம், கம்பத்துக்கு இரண்டு கேமரா, நாலு கேமராவுக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. கிளப்காரர் யாராவது வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனால் போதும். எந்தக் கேமராவைக் காட்டுவது, எப்போது ஸ்கோர் போடுவது, எதை ரீப்ளே ஓட்டுவது என்பதையெல்லாம் பாளையங்கோட்டையில் இருந்தபடி வடிவு பார்த்துக்கொள்வாள். ஆறு வருடத்துக்கு முன்பு வரை கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தவள். ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடியபோது இந்த வேலை கிடைத்தது.

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. கொம்பையா பந்தோடு வலது ஓரமாக ஏறினான். எதிரணியின் செண்பகராஜ் குறுக்கே வந்தான். அடுத்த கணம் செண்பகராஜ் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தான்.

வடிவின் விரல் பழக்கத்தில் ரீப்ளே பொத்தானுக்குப் போனது. திரையில் மெதுவாக ஓடியது. கொம்பையாவின் மட்டை இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி எழும்புகிறது. அதன் வளைந்த நுனி செண்பகராஜின் கண்ணில் போய் இறங்குகிறது.

“அடப்பாவி!” என்றாள் வாய்விட்டு. இன்னொரு கோணத்தில் ஓட்டினாள். மூன்றாவது தடவை ஓட்டும்போது மட்டையின் நுனியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள். பார்க்கிறவர்களுக்குப் புரியும்படி வட்டம் போடுவது அவள் வேலையில் சேர்த்தி.

மைதானத்தில் அன்று இருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. வீட்டிலிருந்து போனில் பார்த்தவர்கள் ஒன்பதாயிரம் பேர். இரண்டு நாள் போவதற்குள் அந்தச் சிவப்பு வட்டத்தை எட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

கொம்பையாவும் செண்பகராஜும் ஒரே விடுதியில் ஒரே அறையில் ஆறு வருடம் சேர்ந்து கிடந்தவர்கள். அந்த லீக்கில் மட்டும் வேறு வேறு அணி. கொம்பையாவுக்கு ஒரு பொதுத்துறை அணியில் வேலையோடு இடம் கிடைத்திருந்தது. போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. ‘கூடப் படுத்தவன் கண்ணையே குத்திட்டானே’ என்று ஊரெல்லாம் பேச்சு. லீக் கமிட்டி ஆயுளுக்கும் ஆடக் கூடாது என்று தடை போட்டது. வேலை கைவிட்டுப் போனது. போலீஸ் விசாரணை வந்தது. அவன் அக்காவின் கல்யாணப் பேச்சு நின்றது. செண்பகராஜின் இடது கண்ணில் பார்வை போயேவிட்டது.

வடிவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சமயத்தில் சரியான கோணத்தைப் பிடித்தோமே என்ற பெருமை. பின்னாளில் அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

மூன்றாவது வாரம் லீக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போலீசுக்குக் கொடுக்க வேண்டும், வட்டமும் ஸ்கோரும் இல்லாத சுத்தமான பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வடிவு ஒளிபரப்பான படத்தை விட்டுவிட்டு, மைதானத்துப் பெட்டியிலிருந்து வந்து சேர்ந்த அசல் படங்களை முதல்முறையாகத் தேடி எடுத்தாள். இதுவரை யாரும் அசலைக் கேட்டதில்லை.

அந்த நிமிடத்துக்கு வந்தாள். ஒரு படத்தில் கொம்பையா குனிந்து ஓடுகிறான், மட்டை தரையை ஒட்டி இருக்கிறது. அடுத்த படத்தில் செண்பகராஜ் கீழே கிடக்கிறான். நடுவில் ஒன்றும் இல்லை.

படம் திறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி தேடினாள். மற்ற மூன்று கேமராவிலும் தேடினாள். எல்லாவற்றிலும் அதே இரண்டு நிலை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே முக்கால் நொடி. எட்டு லட்சம் பேர் பார்த்த மட்டை அந்த முக்கால் நொடிக்குள் இருந்தது.

கம்பெனி முதலாளி ஜெபத்துரை அடுத்த அறையில் இருந்தார். ஒரு காலத்தில் ஹாக்கி ஆடியவர். முழங்கால் போன பிறகும் தினமும் கேன்வாஸ் ஷூவோடுதான் ஆபீசுக்கு வருவார்.

“சார், நடுவுல படமே இல்ல,” என்றாள் வடிவு.

அவர் அவளுடைய திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். “உட்காரும்மா. நம்ம நிரப்பியைப் பத்தி உனக்குத் தெரியாதா?”

“ரெண்டு படத்துக்கு நடுவுல கொஞ்சம் பூசிவிடும்னு தெரியும் சார். கல்யாண வீடியோவுல நானே பூசியிருக்கேன். இது முக்கால் நொடி. அதுக்குள்ள பந்து இருபது மீட்டர் போயிரும்.”

“அன்னைக்குக் கோவில்பட்டியில தேரோட்டம். ஊர்க் கூட்டம் பூரா போனைத் தூக்கிட்டு நின்னுச்சு. டவர்ல நம்ம பெட்டிக்கு இடம் கிடைக்கல. கிடைச்ச இடத்துல முடிஞ்சதை அனுப்புச்சு. மிச்சத்தை இங்க இருக்கிற நிரப்பி வரைஞ்சு சேத்துச்சு. தினமும் அப்படித்தான். நொடிக்கு நாலு படம் வந்தாலே நமக்கு நல்ல நாள்.”

“அனுப்பாத படம் பெட்டியிலயாவது இருக்குமா?”

“சேத்து வைக்கிறதுக்கு எடம் வச்சா, அந்த விலைக்கு எந்தக் கிளப்பும் பெட்டியை வாங்க மாட்டான். அனுப்பினது போக மத்தது அப்பப்பவே அழிஞ்சிரும்.”

“அப்ப அவன் ஸ்டிக்கைத் தூக்கினதை யாரு சார் பாத்தா?”

“நிரப்பி லட்சக்கணக்கான மேட்ச் பாத்துப் படிச்சது. ஒருத்தன் ஸ்டிக்கோட ஓடி வாரான். அடுத்த படத்துல இன்னொருத்தன் முகத்தைப் பொத்திட்டுக் கெடக்கான். இப்படி இருந்தா நடுவுல பெரும்பாலும் என்ன நடந்திருக்கும்? அது பாத்த மேட்ச்ல முக்காவாசி ஸ்டிக் பட்டதுதான். அதனால ஸ்டிக்கை ஏத்திருச்சு.”

“முக்காவாசி அப்படின்னா இவனும் அப்படியா?”

“இவன் அடிக்கலன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. அடிச்சான்னு எனக்கும் தெரியாது.” அவர் குரல் தாழ்ந்தது. “வடிவு, நான் மாநில அரையிறுதியில நாலு கோல் போட்டவன். தேர்வாளர் அன்னைக்கு வரல. வண்டி பஞ்சராயிட்டுன்னு சொன்னாங்க. ஒரே ஒரு கேமரா இருந்திருந்தா என் கதையே வேற. இந்த அஞ்சு வருஷத்துல எந்தத் தேர்வாளரும் வெயில்ல வந்து நிக்கல. நம்ம படத்தைப் பாத்துத்தான் எடுக்கிறாங்க. நூத்திநாப்பது பிள்ளைங்க வேலையில இருக்கு. எல்லாம் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைங்க. நடுவுல படமே இல்லன்னு நீ வெளியில சொன்னா, வேலை கொடுத்தவன் அந்த நூத்திநாப்பது பேரையும் கூப்பிட்டுக் கேப்பான். முப்பிடாதி கோலை எடுத்துப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு, என்ன செய்யலாம்னு.”

வடிவு தன் அறைக்கு வந்து முப்பிடாதியின் கோலை எடுத்தாள். விளாத்திகுளம் பக்கத்துப் பெண். போன வருடம் இரண்டு பேரை ஏமாற்றித் தாண்டி, புறங்கை வீச்சில் பந்தை வலைக்குள் தள்ளிய அந்தக் கோலை ஓட்டியதும் வடிவுதான். பத்துத் தடவையாவது ரீப்ளே போட்டிருப்பாள். அதைப் பார்த்துத்தான் ரயில்வே அணிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அசலில், ஒரு படத்தில் முப்பிடாதிக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். அடுத்த படத்தில் பந்து வலைக்குள் கிடக்கிறது. நடுவில் ஒரு நொடிக்கும் மேல் வெறும் வெளி.

சொல்லி வைத்தாற்போல மறுநாளே முப்பிடாதி போன் செய்தாள். இருவரும் நேரில் பார்த்ததில்லை. கோலைக் காட்டியதற்கு நன்றி சொல்ல ஒருமுறை பேசியதில் பழக்கம்.

“அக்கா, ஆர்டர் வந்துட்டு! பத்தாம் தேதி போய்ச் சேரணும். எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல, மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுதேன்.”

“ரொம்பச் சந்தோஷம்மா,” என்றாள் வடிவு. சொல்லிவிட்டு உடனே போனை வைத்தாள்.

அவள் போலீசுக்கான பிரதியை அனுப்பாமல் வைத்திருந்தாள். ஒன்பது நாள் அப்படியே ஓடியது. வேலைக்கு வந்தாள், மேட்ச் ஓட்டினாள். ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் இது வந்த படமா, வரைந்த படமா என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. கபடியில் ஒரு பெண் கோட்டைத் தொட்டாள்; தொட்டாளா? ரீப்ளே பொத்தானில் விரல் வைக்கவே பயமாக இருந்தது. ஒரு நாள் மதியம் அந்தச் சிவப்பு வட்டப் படத்தின் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். ‘இவன் கையை வெட்டணும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நாற்பதாயிரம் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள்.

அந்த மைதானத்திலிருந்து அறுபது மேட்சாவது ஓட்டியிருப்பாள். கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை. திரையில் பார்த்ததைவிட அது சின்னதாக இருந்தது. ஒரு மூலையில் யாரோ காயப்போட்ட மிளகாய் வற்றலின் நெடி வந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் தகர டப்பாவிலிருந்து சுண்ணாம்புத் தூளைத் தட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அம்பயர் குருவையா. ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். அன்றைய மேட்சுக்கு விசில் ஊதியவர் அவர்தான்.

வடிவு தான் யாரென்று சொன்னாள். எதற்கு வந்தாள் என்பதையும் சொன்னாள். அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். சைக்கிள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

அன்றைய தேதி. கீழே அவர் கையெழுத்தில்: ‘54ஆவது நிமிடம். பந்து எகிறிக் கண்ணில் பட்டுக் காயம். ஆட்டம் நிறுத்தம்.’ அதில் ‘பந்து எகிறி’ என்பதன் மேல் ஒரு கோடு. மேலே வேறு மையில் ‘மட்டையால்’ என்று எழுதியிருந்தது.

“மொதல்ல எழுதினது எப்ப சார்?”

“அங்கனயே, அப்பவே. பையனை ஆட்டோல ஏத்திட்டு வந்து எழுதினேன். பத்தடி தள்ளி நின்னேம்மா. கொம்பையா தள்ளின பந்து எங்கயோ பட்டு எகிறுச்சு. டொக்குன்னு சத்தம்.”

“அப்புறம் ஏன் மாத்துனீங்க?”

“சாயங்காலம் போன்ல பாத்தேன். ஸ்டிக் போகுது கண்ணுக்குள்ள. எனக்கு அறுபத்திமூணு வயசு, ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆனவன். நாலு கேமரா பாத்ததைவிடவா நான் பாத்துருவேன்? நம்மதான் தப்பாப் பாத்துட்டோம்னு அடிச்சிட்டேன்.”

“இப்ப நெனச்சா என்ன சார் தெரியுது? பந்தா, ஸ்டிக்கா?”

குருவையா கண்ணை மூடினார். பிறகு, “ஸ்டிக்தாம்மா தெரியுது,” என்றார் வருத்தத்தோடு. “எவ்வளவு முயற்சி பண்ணினாலும் பந்து வர மாட்டேங்குது. அந்த டொக்குச் சத்தம்கூட இப்ப ஸ்டிக் சத்தமாத்தான் கேக்குது.”

நோட்டை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டார்.

கொம்பையா ஒரு தீப்பெட்டி ஆலையில் பண்டல் ஏற்றுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். லோடு அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள். டீ குடிக்கிற நேரத்தில் வெளியே வந்தான். திரையில் பார்த்ததைவிட உயரம். கன்னம் ஒட்டியிருந்தது. அவள் பேரைச் சொன்னதும் அடையாளம் தெரியாமல் விழித்தான். வட்டம் போட்டவள் என்று சொன்னதும் தலையாட்டினான். கோபப்படவில்லை. அதுதான் அவளை முதலில் கலக்கியது.

“அந்தப் படம் நெஜமில்ல, தம்பி. முக்கால் நொடிக்கு எங்ககிட்ட படமே வரல. நீ ஸ்டிக்கைத் தூக்கினதை மெஷின் வரைஞ்சது. நீ அடிக்கல.”

“நான்தாங்க்கா அடிச்சேன்.”

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

“மொதல்ல நானும் இல்லன்னுதான் சொன்னேன்,” என்றான் அவன். “ஸ்டேஷன்ல சொன்னேன். எங்க அப்பாகிட்ட சாமி மேல சத்தியம் பண்ணிச் சொன்னேன். எல்லாரும் போனைத் தூக்கிக் காட்டுனாங்க. சரி, என்னதான் இருக்குன்னு ஒரு நாள் உக்காந்து பாத்தேன். அப்புறம் நெறையத் தடவை பாத்தேன். ஒரு நாள் ஞாபகம் வந்துட்டு.”

“என்ன ஞாபகம் வந்துச்சு?”

“கை ஏறுனது. ஸ்டிக் எலும்புல பட்டா உள்ளங்கையில ஒரு அதிர்வு வரும்லா, அது. ஏன் அடிச்சேங்கிறதுகூட வந்துட்டு. அன்னைக்குக் காலைல இட்லி திங்கும்போது, உனக்கென்னல, பெரிய எடத்துக்குப் போற, எங்களையெல்லாம் எங்க பாக்கப் போறன்னு சிரிச்சான். அது உள்ளுக்குள்ள கெடந்திருக்கு. அதான் கை ஏறியிருக்கு.”

வடிவு போனை எடுத்து அசல் படங்கள் இரண்டையும் காட்டினாள். “இதைப் பாரு. இதுல உன் ஸ்டிக் தரையில இருக்கு. அடுத்தது அவன் கீழ கெடக்கான். நடுவுல ஒண்ணுமே இல்ல. பாத்தியா?”

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். முதல் படத்தில் விரலை வைத்தான். “இதுக்கப்புறம்தான் தூக்குனேன்,” என்றான்.

ஆலைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

“அக்கா, நீங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கீங்க. ஆனா என்னை மறுபடி அதுக்குள்ள இழுக்காதீங்க. இல்ல இல்லன்னு சொல்லிட்டிருந்த வரைக்கும் எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. ஒத்துக்கிட்ட பெறகுதான் தூங்குதேன்.”

அவன் போன பிறகும் வடிவு ஆலை வாசலில் நின்றாள். வேலை போனதை, பேர் போனதை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒருவன் செய்யாததை அவன் கைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டோமே, அதை எப்படி எடுப்பது? முப்பிடாதியின் முகம் நினைவுக்கு வந்தது. நூற்றிநாற்பது பேரும் வந்தார்கள். எல்லோரையும் நினைத்துப் பார்த்துவிட்டு, அங்கே நின்றபடியே லீக் தலைவருக்குப் போன் போட்டாள்.

கமிட்டி வியாழக்கிழமை மதியம் கூடியது. பழைய நூலகக் கட்டிடத்தில் ஒரு நீள மேஜை, பத்துப் பேர். கொம்பையாவுக்கு ஆள் அனுப்பியும் அவன் வரவில்லை. ஜெபத்துரை வந்திருந்தார், கடைசி நாற்காலியில். வடிவு அசல் படங்களைச் சுவரில் ஓட்டிக் காட்டினாள். நோட்டை மேஜையில் வைத்தாள். நிரப்பி என்றால் என்ன, அது எப்படி ஊகிக்கிறது என்று தனக்குத் தெரிந்த வரையில் சொன்னாள். வட்டம் போட்டது தான்தான் என்பதையும் சொன்னாள்.

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்ப இந்த அஞ்சு வருஷமா நாங்க பாத்ததுல எதும்மா உண்மை?”

“ஸ்கோர் உண்மை சார்.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஜெபத்துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுப்பார் என்று வடிவும் எதிர்பார்த்தாள். மறுத்தால் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் எழுந்து நின்று, “அவ சொல்றது அத்தனையும் சரி,” என்றார். அவ்வளவுதான். ஷூ கட்டைக் குனிந்து இறுக்கினார். படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வடிவோடு பேசவில்லை.

கொம்பையாவின் மேலிருந்த தடை அன்றே நீங்கியது. அவன் வேலையைப் பற்றி ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது. பதினான்கு மைதானத்திலும் கம்பங்களை நிறுத்திவிட்டார்கள். சிவப்பு வட்டப் படம் மட்டும் எங்கும் போகவில்லை. அதன் கீழே ‘இதில் சில பகுதிகள் இயந்திரத்தால் வரையப்பட்டவை’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது. அதைப் படித்தவர்களில் சிலர் இதுவும் ஒரு தப்பிக்கிற வழி என்று எழுதினார்கள்.

நேரலைப் படங்களை வைத்துக் கொடுத்த ஆணைகளை எல்லாம் நிறுத்திவைத்து, மறுபடி நேரில் தேர்வு வைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. எப்போது, எங்கே என்று அதில் இல்லை. அன்று மதியம் முப்பிடாதி கூப்பிட்டாள். வடிவு எடுப்பதற்கு முன் நாலைந்து தடவை மணி அடிக்க விட்டாள்.

“அக்கா, அந்தக் கோலு...”

“சொல்லும்மா.”

“ரெண்டு பேரையும் தாண்டினேன்லா? நீங்க பாத்தீங்கள்ல?”

“பந்து வலைக்குள்ள கெடந்ததைப் பாத்தேன். நடுவுல உள்ளது எங்களுக்கு வரல.”

போனில் பின்னால் எங்கோ ஆடு கத்துவது கேட்டது.

“அன்னைக்கு எங்க டீமைத் தவிர மைதானத்துல ஒரு ஆள் கிடையாதுக்கா. எங்க அம்மாகூட போன்லதான் பாத்தா. கோல் கீப்பரைக் கேட்டா வீடியோல உள்ளதைத்தான் சொல்லுதா.” அவள் குரல் உடைந்தது. “அப்ப நான் போட்டதை யாருமே பாக்கலையா?”

முப்பிடாதி போனை வைத்துவிட்டாள். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

செண்பகராஜ் மதுரையில் கண் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியிருக்கிறான் என்று குருவையா சொன்னார். வலது கண்ணையும் காப்பாற்ற வேண்டியிருந்ததால் இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தார்களாம். கமிட்டிக்கும் சரி, போலீசுக்கும் சரி, அவனை விசாரிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வீடியோ இருக்கும்போது அவனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுவது என்றுதான் வடிவு போனாள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. சாயங்கால வெயில் வாசலில் விழுந்திருந்தது. செண்பகராஜ் கறுப்புக் கண்ணாடியோடு நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே அடுப்படிப் பக்கம் யாரோ தண்ணீர் மொண்டு கை கழுவுகிற சத்தம் கேட்டது.

“கொம்பையா,” என்றான் செண்பகராஜ், அவள் பார்வையைப் புரிந்துகொண்டு. “தெனமும் ஷிப்ட் முடிஞ்சு வந்திருவான். மருந்து அவன்தான் விடுவான். எங்க அம்மாவுக்குக் கை நடுங்கும்.”

வடிவு தான் யாரென்று சொன்னாள். வட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

“எல்லாரும் அந்த வட்டத்தைத்தான் சொல்லுதாங்க. நான் அதைப் பாக்கலக்கா.”

“இன்னும் பாக்கலயா?”

“ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணையும் கட்டிட்டாங்க. கட்டு அவுத்த பெறகு எங்க மாமா காட்ட வந்தாரு. எனக்குப் பிடிக்கல, வேண்டாம்னுட்டேன். நம்மளை நம்மளே விழுந்து கெடக்கப் பாக்கிறதுக்கு என்ன இருக்கு?”

இந்த ஊரில், இந்த வழக்கில், அந்தப் படத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

“உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?” என்று கேட்டாள்.

“பந்துதாங்க்கா.” அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “கொம்பையா தள்ளினான். நான் குறுக்க ஸ்டிக்கை வச்சேன். என் ஸ்டிக்ல பட்டே எகிறுச்சு. வெள்ளையா, சின்னதா இருந்தது, பெருசாகிட்டே வந்துச்சு. அதுல ஒரு பக்கம் சேறு அப்பியிருந்துச்சு, அதுகூடத் தெரிஞ்சுது. இந்தக் கண்ணு கடைசியாப் பாத்தது அதுதான்.”

“இதை யாருகிட்டயும் சொல்லலயா?”

“சொல்லாமலா? ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லாருகிட்டயும் சொன்னேன். மருந்து மயக்கம்னாங்க. அப்புறம், பாவம், சிநேகிதனுக்காகப் பேசுதான்னாங்க.” அவன் அடுப்படிப் பக்கம் தலையைச் சாய்த்தான். “அவன்கிட்டயே நூறு தடவை சொல்லிட்டேன்.”

கொம்பையா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். வடிவைப் பார்த்ததும் தலையசைத்தான். பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

“இவன் இப்படித்தாங்க்கா,” என்றான் அமைதியாக. “எனக்காகச் சொல்லுதான்.”

“ஏல, பந்துதாம்ல!”

“சரி. பந்துதான். கீழ படு.”

செண்பகராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்தான். கொம்பையா பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையை நெஞ்சுக்கு மேல் தூக்காமல், மருந்துக் குப்பியைக் கவிழ்த்தான். இடது கை நண்பனின் நெற்றியை அசையாமல் பிடித்திருந்தது. ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

“எரியுதால?”

“இல்ல.”

“பொய் சொல்லாத,” என்றான் கொம்பையா.